இருபது கிராமுக்கு இவ்வளவு யோசனையா?

விளையாட்டுச் சாமான் கடைக்கு டென்னிஸ் ராக்கெட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் முதலில் செய்கிறார்கள். சுவரில் தொங்குவதை எடுத்து, கைப்பிடியைப் பிடித்து, மணிக்கட்டை இரண்டு தரம் ஆட்டிப் பார்க்கிறார்கள். "லைட்டா இருக்கே" என்று முகம் மலரும். இல்லையென்றால் "ஐயோ, கனக்குது" என்று திருப்பி மாட்டிவிடுவார்கள். பதினைந்து, இருபதாயிரம் ரூபாய்ச் சாமானின் தலையெழுத்து அந்த இரண்டு ஆட்டலில் முடிந்துவிடுகிறது. அந்த ஆட்டலில் கைக்குத் தெரிவது ராக்கெட்டின் எடையே அல்ல என்பதுதான் வேடிக்கை. போதாததற்கு, நல்ல ராக்கெட்டுகள் கடையில் ஸ்ட்ரிங் (பந்தை அடிக்கும் நரம்பு வலை) இல்லாமல்தான் தொங்கும். கட்டிங் போட்டு, அதாவது ஸ்ட்ரிங் கட்டி, வாங்கினால் கைக்கு வருவது வேறொரு ராக்கெட்.

மூன்று நான்கு வருடம் ஆடி, பத்துத் தடவை பந்து விடாமல் போய்வரும் ராலி நிற்கிற அளவுக்கு வந்துவிட்டவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் முளைக்கிறது. "இப்ப 285 கிராம் வெச்சிருக்கேன். 300, 305க்கு மாறலாமா?" கோர்ட் ஓரத்தில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "வேண்டாம், தோள்பட்டை போயிடும்" என்பது ஒன்று. "ஃபெடரர் 340 கிராம்ல ஆடினார், 305 எல்லாம் ஒரு வெயிட்டா?" என்பது மற்றொன்று. இரண்டுமே கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்ட பதில்கள் என்பது என் கட்சி. எத்தனை கிராம் என்பதைவிட, அந்தக் கிராம் ராக்கெட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஆட்டத்தின் எந்த நிமிடத்தில் அது கையில் உறைக்கிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

தராசு சொல்வதும் கை சொல்வதும்

ஃப்ரேமில் அச்சடித்திருப்பது ஸ்ட்ரிங் இல்லாத வெறும் ஃப்ரேமின் எடை. 300 கிராம் என்று போட்டிருந்தால் ஸ்ட்ரிங்குக்கு 16 கிராம், கைப்பிடிமேல் சுற்றும் ஓவர்கிரிப்புக்கு ஐந்தாறு கிராம், ஸ்ட்ரிங்கில் செருகும் ரப்பர்த் துண்டான டேம்ப்னருக்கு 2 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் நீங்கள் தூக்குவது 324 கிராம். சமையலறைத் தராசு போதும், வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாம். நிறுக்காமல் "என்னுடையது 285" என்று சொல்கிறவர்கள் உண்மையில் 309 கிராமில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது பேலன்ஸ். மேசை விளிம்பில் ராக்கெட்டைக் குறுக்கே வைத்து எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்து, கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். 68.5 செ.மீ. நீள ராக்கெட்டின் நடுப்புள்ளி 34.3 செ.மீ. அதற்குக் கீழே நின்றால் கைப்பிடிப் பக்கம் கனம், மேலே நின்றால் தலைப்பக்கம் கனம்.

இவை இரண்டும் தெரிந்தாலும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது கைக்குத் தெரியும் கனம்தான். ஒரு சுத்தியலைக் கைப்பிடிப் பக்கம் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இரும்புத் தலையைப் பிடித்துக்கொண்டு ஆட்டுங்கள். எடை அதேதான், ஆனால் ஆட்டுகிற கைக்கு அது வேறு பொருள். ராக்கெட்டின் அடியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஓர் அச்சு இருப்பதாக வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு கிராமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் வர்க்கத்தைப் பெருக்கிக் கூட்டினால் வருகிற எண் இது (எடை கிலோவில், தூரம் செ.மீ.யில்). வர்க்கம் என்பதுதான் இங்கே சூட்சுமம். ராக்கெட்டின் உச்சியில், அதாவது கடிகார முகமாக நினைத்தால் 12 மணி இடத்தில், 1 கிராம் ஒட்டினால் ஸ்விங் வெயிட் 3.4 கூடும். அதே கிராமை 3 மணி அல்லது 9 மணி இடத்தில் ஒட்டினால் 1.85. தலையும் கைப்பிடியும் சேரும் த்ரோட் பக்கம் 0.6. கைப்பிடியில் ஒட்டினால் 0.1கூட வராது. ஒரே ஒரு கிராம், இடத்தைப் பொறுத்து முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கடையில் ஸ்ட்ரிங் இல்லாத ராக்கெட்டை ஆட்டிப் பார்ப்பது ஏன் வீண் என்பதும் இதிலேயே இருக்கிறது. 16 கிராம் ஸ்ட்ரிங் முழுக்கத் தலைப்பக்கம் ஏறுவதால் ஸ்விங் வெயிட் ஏறக்குறைய 30 கூடிவிடும். ஃபெடரர் பெயரில் 2014இல் வில்சன் நிறுவனம் கொண்டுவந்த புரோ ஸ்டாஃப் ஆர்எஃப்97 ராக்கெட்டையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். ஃப்ரேம் எடை 340 கிராம், பேலன்ஸ் 30.5 செ.மீ. ஸ்ட்ரிங் போட்டால் 357 கிராம் அளவுக்கு வரும், ஸ்விங் வெயிட் சுமார் 335. நம்மவர்கள் பரவலாக வைத்திருக்கும் 300 கிராம், 100 சதுர அங்குலத் தலை உள்ள ராக்கெட்டுகளின் ஸ்விங் வெயிட் சுமார் 320. தராசில் இரண்டுக்கும் 40 கிராம் இடைவெளி. வீசும்போது இடைவெளி அவ்வளவு இல்லை, ஏனென்றால் அந்த ராக்கெட்டின் கனத்தில் பெரும்பங்கு கைப்பிடிக்குள் பதுங்கியிருக்கிறது. இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பவை 260 கிராம் "பவர்" ராக்கெட்டுகள். ஃப்ரேம் காற்றாக இருக்கும், இருக்கிற கனமெல்லாம் தலையில் இருக்கும். தராசில் இலகு, வீச்சில் இலகு இல்லை.

கனம் எதற்கு உதவுகிறது

பந்து 56 முதல் 59.4 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. ராக்கெட்டுக்கு விதிப்புத்தகம் நீளத்திலும் அகலத்திலும் எல்லை வைத்திருக்கிறது, நீளம் 73.7 செ.மீ. எடைக்கு எல்லை கிடையாது. பந்து ஸ்ட்ரிங்கைத் தொட்டு விலகுகிற நேரம் நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அந்த நேரத்துக்குள் நம் கை எதுவும் செய்துவிட முடியாது. இறுக்கிப் பிடித்தால் ராக்கெட் அசையாது என்று நினைக்கிறோம், ஆனால் கைப்பிடிக்குப் போன அதிர்வு தலைக்குத் திரும்பி வருவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். அந்தக் கணத்தில் பந்தை எதிர்த்து நிற்பது ஃப்ரேமின் கனம் மட்டும்தான்.

வலைக்கருகே ஒரு வாலியை, பந்து தரையில் படுமுன்பே அடிக்கும் அடியை, நினைத்துப் பாருங்கள். எதிராளி வேகமாக அடிக்கிறார். நீங்கள் ராக்கெட்டை முன்னால் நீட்டத்தான் நேரம் இருக்கிறது, வீச நேரமில்லை. பந்து நடுவில் படாமல் இரண்டு விரல்கடை தள்ளி 3 மணிப் பக்கம் படுகிறது. இலகு ராக்கெட் உள்ளங்கைக்குள் புரள்கிறது. கட்டைவிரலின் அடிச்சதையில் கைப்பிடியின் விளிம்பு உரசுவது தெரிகிறது. பந்து உயிரில்லாமல் வலையின் கீழ்ப்பாதியில் போய் விழுகிறது. நுட்பத்தில் பிழை என்று கோச் சொல்லக்கூடும், பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி, அந்த ஃப்ரேமுக்குப் புரளாமல் நிற்கக் கனம் போதவில்லை. இந்த நிலையில் கனமான ராக்கெட் கொடுக்கிற லாபம் உடனடியாகத் தெரியும். வேகமான சர்வீசைத் தடுத்து அனுப்பும் ரிட்டர்ன், வாலி, அவசரத்தில் வெட்டிப் போடும் பேக்ஹேண்ட் ஸ்லைஸ் என ராக்கெட் பெரிதாக நகராத அடிகள் அத்தனைக்கும் இது பொருந்தும்.

முழு வீச்சு அடிகளில் கணக்கு அவ்வளவு சுலபம் அல்ல. ஸ்விங் வெயிட் கூடினால் வீச்சு வேகம் சற்றுக் குறையும், பந்துக்குக் கிடைக்கும் உந்தம் சற்றுக் கூடும். பெரும்பாலும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். சர்வீசின் வேகம் கூடும் என்று நினைத்துக் கனத்துக்குப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் 400 கிராமில் ஆடவில்லையா?" என்று ஒரு வாதம் வரும். வாஸ்தவம். ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன காலத்தில் மர ராக்கெட்டுகள் 370 முதல் 400 கிராம் வரை இருந்தன. ஆனால் தலை இன்றைய ராக்கெட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். வீச்சும் வேறு: தோளிலிருந்து நீளமாக, நிதானமாக, கனம் தானே போய்ப் பந்தைத் தள்ளட்டும் என்று விடுகிற வீச்சு. இன்று நமக்குச் சொல்லித் தருவது கீழிருந்து மேலே வேகமாக உரசி டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) ஏற்றும் வீச்சு. அந்தக் கனத்தை இந்த வீச்சோடு சேர்த்தால் முழங்கைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் இருபது நிமிடத்தை நம்பாதீர்கள்

கனமான ராக்கெட்டை நண்பரிடம் வாங்கி ஆடிப் பார்க்கிறவர்களுக்கு முதல் இருபது நிமிடம் சொர்க்கம். பந்து ஆழமாகப் போகிறது, அதிர்வு இல்லை, சத்தம்கூட உருண்டையாக இருக்கிறது. அன்று இரவே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் மொத்த விஷயமும் திரும்புகிற இடம் இதுதான். புத்துணர்ச்சியோடு இருக்கும் கைக்கு 20 கிராம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கை சொல்லும் சாட்சி செல்லாது. இரண்டாவது செட்டில் 4-4, ஆட ஆரம்பித்து ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, ஓவர்கிரிப் வியர்வையில் நனைந்திருக்கிறது. அப்போது கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்போது தெரியும் அறிகுறிகள் தெளிவானவை. வலது கைக்காரர் என்றால், குறுக்கே அடிக்க நினைத்த ஃபோர்ஹேண்டுகள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் விலகிக் கோட்டுப் பக்கம் போகத் தொடங்கும். பந்து உடம்புக்கு முன்னால் படாமல் பக்கவாட்டில் படுகிறது, அதாவது ராக்கெட் தாமதமாக வந்து சேர்கிறது என்று அர்த்தம். சர்வீசில் முழங்கை ஒரு விரற்கடை தாழும், பந்து வலையில் விழும். அது டாஸின், அதாவது பந்தை மேலே தூக்கிப் போடுவதன், குறை என்று நினைத்து டாஸை மாற்றுவார்கள், அதனால் இன்னொரு கோளாறு சேரும். மூன்றாவது அறிகுறிதான் ஆபத்தானது. தாமதத்தைச் சரிக்கட்ட மணிக்கட்டைச் சுண்டத் தொடங்குவார்கள், கைப்பிடியை நெரிப்பார்கள். டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலி வருவதற்கான ஒரு வழி இது. கனம் நேராக முழங்கையைக் கெடுப்பதில்லை. சொல்லப்போனால், விறைப்பான இலகு ஃப்ரேமைவிடக் கனமான, நெகிழ்வான ஃப்ரேம் அதிர்வைக் குறைவாகவே கைக்கு அனுப்பும். கெடுப்பது தாமதமும் அதைச் சமாளிக்கப் போடும் நெரிப்பும்தான்.

எனவே சோதனையை ஒரு மணி நேர ஆட்டம் முடிந்த பிறகு வையுங்கள். இருபது சர்வீஸ் போட்டு வலையில் விழுந்தவற்றை எண்ணுங்கள். பிறகு பக்கவாட்டில் ஓடி அடிக்கும் ஃபோர்ஹேண்ட் இருபது. பழைய ராக்கெட்டோடு இன்னொரு நாள், அதே ஒரு மணி நேரம் கழித்து, அதே இருபது. மறுநாள் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறதா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வாங்குமுன் ஒட்டிப் பாருங்கள்

ஆடிப் பார்க்க டெமோ ராக்கெட் கொடுக்கும் கடைகள் நம் ஊர்களில் குறைவு. அதற்கு ஈய டேப் இருக்கிறது. கால் அங்குல அகல டேப் பொதுவாக 10 செ.மீ.க்கு 1 கிராம் வரும். அரை அங்குலம் என்றால் 5 செ.மீ.க்கு 1 கிராம். வாங்கியதை ஒரு துண்டு வெட்டி நிறுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

309 கிராம், பேலன்ஸ் 32.8 செ.மீ. என்று இருக்கும் ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். கால் அங்குல டேப்பில் 10 செ.மீ. துண்டுகள் நான்கு வெட்டுங்கள். தலையின் உட்புறத்தில், 3 மணி இடத்தில் ஸ்ட்ரிங்குக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, 9 மணி இடத்திலும் அப்படியே. ஒட்டுமுன் அந்த இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் வியர்வைப் படிவில் ஒட்டாமல் மூன்றாம் நாளே ஓரம் தூக்கும். ஸ்பூனின் பின்பக்கத்தால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். அடுத்து, ஓவர்கிரிப்பைப் பிரித்து, கைப்பிடியின் மேல் பாதியில், அடியிலிருந்து 16 செ.மீ. அளவில், 8 கிராம் டேப்பைச் சுற்றி, மேலே ஓவர்கிரிப்பைத் திரும்பப் போடுங்கள். இப்போது எடை 321. பேலன்ஸ் 32.6, கிட்டத்தட்ட அதே இடம். ஸ்விங் வெயிட் கூடியது 8க்கும் குறைவு. வாலியில் ராக்கெட் புரள்வது குறைந்திருக்கும், வீச்சு பெரிதாக மாறியிருக்காது. இடைநிலை ஆட்டக்காரருக்கு முதல் படி இதுதான், இதற்கு மேல் வேண்டாம். குறைந்தது மூன்று வாரம் இதிலேயே ஆடுங்கள். பிறகு வேண்டுமானால் தலையில் இன்னொரு 2 கிராம்.

எல்லோரும் ஆசைப்படுவது 12 மணி இடத்துக்கு. அங்கே ஒட்டினால் அடி கனமாக விழும் என்பது உண்மைதான். ஆனால் 4 கிராம் ஒட்டினால் ஸ்விங் வெயிட் 13, 14 கூடிவிடும். அது ஒரே நாளில் இரண்டு படி ஏறுவது. வலைக்கருகே ராக்கெட்டைத் திருப்புவதற்குள் பந்து கடந்துவிடும். உச்சியை விட்டுவிடுங்கள்.

ஈயம் என்பதால் ஒட்டியதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையில் ஒட்டியதன் மேல் எலெக்ட்ரிகல் டேப் சுற்றுங்கள். சின்னப் பிள்ளைகள் எடுத்து விளையாடும் வீடு என்றால் டங்ஸ்டன் டேப் வாங்குங்கள், விலை கூடினாலும் நச்சு இல்லை. கைப்பிடியில் மட்டும் கனம் சேர்க்க வேண்டுமானால் தோல் கிரிப் நல்ல வழி. சாதாரண கிரிப்பைவிட 10 கிராம் அளவுக்குக் கூடும். கைப்பிடியின் விளிம்புகள் கையில் கூர்மையாகத் தெரியும், பிடி மாற்றுவது சுலபமாகும். மெத்தென்று இருக்காது, அது சிலருக்குப் பிடிக்காது.

மாறும்போது இன்னும் என்னென்ன மாறுகிறது

டேப் ஒட்டிய ராக்கெட் ஒத்துவந்த பிறகு புதியது வாங்கலாம். இங்கேதான் இன்னொரு குழி. பாபோலா பியூர் டிரைவ் டீம் 285 கிராம், 100 சதுர அங்குலம், ஃப்ரேமின் தடிமன் நடுவில் 26 மி.மீ. வில்சன் பிளேட் 98 என்பது 305 கிராம், 98 சதுர அங்குலம், தடிமன் 21 மி.மீ. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகிறவர் "20 கிராம் கூட்டினேன், பந்து குட்டையாக விழுகிறது" என்று கனத்தைக் குறை சொல்வார். பந்தைக் குட்டையாக்கியது மெல்லிய ஃப்ரேம். கனத்துக்கு மட்டும் பழக நினைத்தால் அதே குடும்பத்தில் அடுத்த எடைக்குப் போங்கள்: டீமிலிருந்து 300 கிராம் பியூர் டிரைவ். யோனெக்ஸ் ஈசோன் 100 எடுத்தாலும் அதே 300 கிராம், அதே தலை. ஃப்ரேமின் குணத்தை மாற்றுவது அடுத்த வருடத்து வேலை.

கட்டிங்கும் அப்படித்தான். கனமான ராக்கெட்டோடு பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை 55 பவுண்டு இறுக்கத்தில் கட்டச் சொல்வது பலருடைய வழக்கம். தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அறுத்துப் புதிதாகக் கட்டுகிறார். நாம் அறும்வரை விடுகிறோம், பாலியெஸ்டரோ அறுவதற்கு வெகு முன்பே உயிர்ப்பிழந்து செத்துவிடும். மாறும் முதல் மாதத்தில் பல இழைகளால் ஆன மெத்தென்ற மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங் கட்டுங்கள், அல்லது பாலியெஸ்டரை 48, 50க்கு இறக்குங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் முழங்கை வலிக்கு ராக்கெட்டைத் திட்டக் கூடாது.

ஏற்கெனவே முழங்கையிலோ தோளிலோ வலி இருப்பவர்கள் இப்போதைக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம். வாரம் ஒரு நாள் மட்டும் ஆடுகிறவர்களுக்கும் இது தேவையில்லை. கனத்துக்குப் பழகுகிற தசை வாரம் ஒரு நாளில் வராது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு "இப்பவே பழகட்டும்" என்று 300 கிராம் ராக்கெட் வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பிள்ளை பழகப்போவது தாமதமாக அடிப்பதைத்தான்.

வாங்கும் நாளில் ஒரு சிறு தராசைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே அச்சு எடை உள்ள இரண்டு ராக்கெட்டுகள் ஐந்து கிராம் வித்தியாசத்தில் இருப்பது சகஜம், தயாரிப்பில் அந்த அளவு ஏற்ற இறக்கத்தை விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இருக்கிறவற்றை நிறுத்து, இலகுவானதை எடுங்கள். குறைகிற மூன்று கிராமை டேப்பால் வேண்டிய இடத்தில் சேர்க்கலாம், கூடுதலான மூன்று கிராமை ஃப்ரேமிலிருந்து சுரண்டி எடுக்க முடியாது. டேப் ஒட்டிய பழைய ராக்கெட்டை உடனே விற்றுவிடாதீர்கள். கைப்பிடி டேப்பை மட்டும் விட்டுவிட்டு, தலையிலுள்ள நான்கு துண்டுகளையும் உரித்துப் பையில் போட்டு வைத்திருங்கள். காய்ச்சலில் படுத்து எழுந்து முதல் நாள் கோர்ட்டுக்குப் போகும்போது அதுதான் கைக்கு ஆகும்.